ஒரு செனட்டரின் 44 ஆண்டுகளைப் பேரேட்டில் ஏற்றுவது எப்படி

அமெரிக்காவில், கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு பழைய கல் கட்டடத்தின் படியில் மகளுக்காக இரண்டு மணி நேரம் காத்துக் கிடந்தேன். கட்டடத்தின் பெயர் மொரில் ஹால். யாரோ நன்கொடை கொடுத்த கோடீஸ்வரர் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அடுத்த வருஷம் மேரிலாண்ட் பல்கலைக்கழகம் போனால் அங்கேயும் ஒரு மொரில் ஹால். பிறகு பர்லிங்டனில், வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தில், இன்னொன்று. 31 வருஷம் கணக்குத் தணிக்கையில் குப்பை கொட்டியவன் நான். ஒரே பெயர் மூன்று இடத்தில் வந்தால் கை தானாகப் பென்சிலைத் தேடும்.

தேடியதில் கிடைத்தவர் ஜஸ்டின் ஸ்மித் மொரில். கோடீஸ்வரர் இல்லை, வெர்மாண்ட் மாநிலத்தில் ஸ்ட்ராஃபர்ட் என்ற கிராமத்தின் பலசரக்குக் கடைக்காரர், கொல்லர் மகன். 1855 மார்ச் 4 முதல் 1867 மார்ச் 3 வரை பிரதிநிதிகள் சபையில், அதாவது கீழ்ச் சபையில் இருந்தார். மறுநாளிலிருந்து 1898 டிசம்பர் 28-ல் கண்மூடும் வரை மேல்சபையான செனட்டில். கூட்டினால் 43 வருஷம், 9 மாதம், 24 நாள். அவருக்கு முன் செனட்டில் முப்பது வருஷத்தை முதலில் தொட்டவர் மிசூரியின் தாமஸ் ஹார்ட் பென்டன், அவரும் 1851-ல் வெளியே வந்துவிட்டார்.

இவ்வளவு நீண்ட அரசியல் வாழ்க்கையை எப்படிப் படிப்பது? வாழ்க்கை வரலாற்றை முதல் பக்கத்திலிருந்து வாசித்தால் நூறாவது பக்கத்தில் தூக்கம் வரும். இரங்கல் உரைகளை வாசித்தால் எல்லாச் செனட்டரும் உத்தமர். நான் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் போனேன்: பேரேடு போட்டேன். ஒரு நீளமான நோட்டு, ஆறு கட்டம். காங்கிரஸ் எண், தேதி, எந்தச் சபை, எந்தக் குழு, என்ன மசோதா, எப்படி ஓட்டுப் போட்டார். வேறு எந்த 19-ஆம் நூற்றாண்டுச் செனட்டருக்கும் இதே முறை செல்லும். மொரிலை வைத்தே சொல்கிறேன்.

முதல் கட்டத்தைச் சரியாகப் போடாவிட்டால் மற்ற ஐந்தும் கோணும். நம் ஆட்களுக்கு ‘காங்கிரஸ்’ என்றால் கட்சி. அங்கே அது நாடாளுமன்றம், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புதிதாகப் பிறப்பது. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. அந்த எண்ணைத் தேடி அலைய வேண்டாம்: காங்கிரஸ் தொடங்கிய ஒற்றைப்படை வருஷத்திலிருந்து 1787-ஐக் கழித்து இரண்டால் வகுங்கள். 1855 என்றால் 34. 1867 என்றால் 40. 1897 என்றால் 55. ஆக மொரில் கணக்கு 34-லிருந்து 55 வரை, 22 வரி. ஆறு வரி கீழ்ச் சபை, பதினாறு வரி செனட், கடைசி வரி மட்டும் பாதியில் நிற்கும். 22 வரிதானே என்று தெரிந்ததும் பயம் பாதி போய்விடும். எனக்குப் போயிற்று.

தேதியில் ஒரு கண்ணி இருக்கிறது. அந்த நூற்றாண்டு முழுக்கப் பதவிக்காலம் மார்ச் 4-ல் தொடங்கும், ஆனால் வழக்கமான கூட்டம் டிசம்பர் முதல் திங்கட்கிழமைதான் கூடும். மொரில் 1854-ல் மயிரிழையில் ஜெயித்தார், சபையில் போய் உட்கார்ந்தது 1855 டிசம்பரில். உட்கார்ந்ததும் வேலை நடந்ததா என்றால் அதுவும் இல்லை. சபாநாயகரைத் தேர்ந்தெடுக்கவே இரண்டு மாதம், 133 வாக்கெடுப்பு. 1856 பிப்ரவரி 2-ல்தான் நத்தானியல் பேங்க்ஸ் நாற்காலியில் ஏறினார். புதிய உறுப்பினரின் முதல் இரண்டு மாத ‘சாதனை’ பெயர் கூப்பிடும்போதெல்லாம் எழுந்து ஒரு பெயரைச் சொன்னது. முதல் வரியில் எதுவும் இல்லையே என்று நானும் பதறினேன். அந்த வெறுமைக்கும் காரணம் எழுதி வையுங்கள்.

இன்னொன்று. செனட்டரை 1913 வரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, மாநிலச் சட்டமன்றம் தேர்ந்தெடுத்தது. அதனால் மொரில் ‘பன்னிரண்டு தேர்தல் ஜெயித்தார்’ என்று யாராவது எழுதினால் நிறுத்திக் கேளுங்கள். ஆறு முறை வாக்காளரிடம் போனார். ஆறு முறை, 1866-லிருந்து 1896 வரை ஆறாறு வருஷத்துக்கு ஒரு தடவை, மாண்ட்பிலியரில் கூடிய சட்டமன்றம் அவரைத் தேர்ந்தெடுத்தது. இரண்டும் வேறு வேறு சரக்கு. ஒன்றில் ஊர் ஊராகப் போக வேண்டும், மற்றதில் சில நூறு சட்டமன்ற உறுப்பினர்களின் மனசு கோணாமல் பார்த்துக்கொண்டால் போதும். வெர்மாண்டில் அவர்கள் ஏறக்குறைய எல்லோரும் அவருடைய குடியரசுக் கட்சிக்காரர்கள்.

செனட்டுக்கு எப்படிப் போனார் என்ற கதையும் இந்த முறை தெரிந்தால்தான் விளங்கும். 1865 நவம்பரில் வெர்மாண்டின் ஒரு செனட்டர் ஜேக்கப் கொலாமர் இறந்தார். 1866 மார்ச்சில் இன்னொரு செனட்டர் சாலமன் ஃபுட்டும் இறந்தார். நாலு மாதத்தில் இரண்டு நாற்காலி காலி. ஃபுட் இடத்துக்கு ஜார்ஜ் எட்மண்ட்ஸ் வந்தார். கொலாமர் இடத்தில் தற்காலிகமாக வந்த லூக் போலண்ட், 1867 மார்ச்சில் அதை மொரிலிடம் விட்டுவிட்டு, மொரில் காலி செய்த கீழ்ச் சபை இடத்தில் போய் உட்கார்ந்தார். பேருந்தில் ஜன்னல் இருக்கையை மாற்றிக்கொள்வதுபோல் நடந்திருக்கிறது. பேரேட்டில் இரண்டு பெயரையும் அருகருகே எழுதினபோதுதான் எனக்கு இது தெரிந்தது.

அடுத்தது, ஆள் அவர்தானா என்று பார்ப்பது. இதில் நான் விழுந்த பள்ளத்தைச் சொல்லிவிடுகிறேன். 1876 வரிக்கு வந்தபோது ‘மொரில், கருவூலச் செயலர்’ என்று ஒரு குறிப்பு கிடைத்தது. ஆகா, மந்திரியாகவும் இருந்திருக்கிறார் என்று மகிழ்ந்து எழுதிவிட்டேன். மகளிடம் பெருமையாகச் சொல்லியும் விட்டேன். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் அதே 1876 டிசம்பரில் இவர் செனட்டில் எழுந்து பேசுகிறார். ஒரே ஆள் இரண்டு சம்பளப் பட்டியலில்! தணிக்கையில் இப்படி வந்தால் என்ன செய்வோமோ அதைச் செய்தேன், இரண்டு பட்டியலையும் கிழக்கும் மேற்குமாக வைத்துப் பார்த்தேன். கருவூலத்துக்குப் போனவர் லாட் மொரில், மெயின் மாநிலத்துக்காரர். 1867-க்கும் 1876-க்கும் இடையில் சில மாத இடைவெளி போக மற்ற நேரமெல்லாம் செனட்டில் இரண்டு மொரில்கள். அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் மீதான குற்ற விசாரணையில், 1868 மே மாதம் பெயர் கூப்பிட்டபோது, மெயின் மொரிலும் வெர்மாண்ட் மொரிலும் அடுத்தடுத்து எழுந்து ‘குற்றவாளி’ என்றார்கள். 35க்கு 19. தண்டிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், ஒரே ஓட்டுக் குறைவால் ஜான்சன் தப்பினார்.

அதனால் பெயரோடு மாநிலத்தையும் சேர்த்தே தேடுங்கள். அதிகாரபூர்வப் பதிவிலும் ‘வெர்மாண்டின் திரு. மொரில்’ என்றுதான் அச்சடித்திருப்பார்கள். 1873 வரை அந்தப் பதிவின் பெயர் காங்கிரஷனல் குளோப், பிறகு காங்கிரஷனல் ரெக்கார்ட். குளோப் முழுக்க அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது. பக்கத்துக்கு மூன்று பத்தி, பொடி எழுத்து, கண்ணாடியை மாற்ற வைக்கும் அச்சு. முதலில் பெயர் அகராதியைத் திறந்து பக்க எண்களைக் குறித்துக்கொண்டு பிறகு உள்ளே போங்கள். பேச்சை நம்பும் முன் ஒன்று நினைவிருக்கட்டும்: உறுப்பினர்கள் அச்சுக்குப் போகுமுன் தங்கள் பேச்சைத் திருத்திக்கொள்ளலாம். அனுபந்தத்தில் வரும் நீண்ட உரைகள் பெரும்பாலும் அப்படி மெருகேறியவை. ஓட்டை மெருகேற்ற முடியாது. என் நோட்டில் பேச்சுக்குக் கட்டமே இல்லாதது அதனால்தான்.

இப்போது சாரமான இடம். நீண்ட அரசியல் வாழ்க்கையில் ஒரே ஒரு மசோதாவை எடுத்து, பிறப்பிலிருந்து சாவு வரை, அல்லது சட்டம் வரை, ஒரு படி விடாமல் பின்தொடருங்கள். மற்ற நூறு மசோதாவை மேலோட்டமாகப் பார்த்ததைவிட அது கூடுதலாகச் சொல்லும். மொரிலுக்கு அது கல்லூரி நிலக்கொடைச் சட்டம்.

1857 டிசம்பர் 14. 35-ஆவது காங்கிரஸ் கூடி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பதினைந்து வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்துபோன இந்தக் கடைக்காரர், விவசாயமும் இயந்திரத் தொழிலும் கற்றுத்தரும் கல்லூரிகளுக்கு மத்திய அரசு நிலம் தரவேண்டும் என்று மசோதா கொண்டுவருகிறார். விவசாயக் குழுவுக்குப் போகட்டும் என்று அவர் விரும்ப, அது பொது நிலக் குழுவுக்குப் போகிறது. அதன் தலைவர் அலபாமாவின் வில்லியம்சன் காப். 1858 ஏப்ரலில் ‘நிறைவேற்றக் கூடாது’ என்று அறிக்கை வருகிறது. அப்போதும் மொரில் விடவில்லை. ஏப்ரல் 20-ல் பேசுகிறார், 22-ல் ஓட்டு: 105க்கு 100. செனட்டில் மறு பிப்ரவரியில் 25க்கு 22. இரண்டிலும் நூலிழை. அதே மாதக் கடைசியில் அதிபர் ஜேம்ஸ் புக்கானன் வீட்டோ போட்டுத் திருப்பி அனுப்புகிறார். அரசியல் சட்டம் இடம் தரவில்லை, கஜானாவில் பணம் இல்லை, மேற்கே புதிதாக முளைக்கும் மாநிலங்களுக்குக் கெடுதல் என்று பல காரணம் சொல்கிறார்.

இந்த வரிக்குப் பிறகு என் நோட்டில் ‘நின்றது’ என்று எழுதியிருந்தேன். 1861 டிசம்பரில் அதே மசோதா மறுபடி வருகிறது, மாநிலத்தின் ஒவ்வொரு செனட்டருக்கும் பிரதிநிதிக்கும் 20,000 ஏக்கர் என்றிருந்ததை 30,000 ஆக்கிக்கொண்டு. ராணுவப் பயிற்சியும் பாடத்தில் சேர்ந்திருக்கிறது, பிரிந்துபோன மாநிலங்களுக்குக் கிடையாது என்ற நிபந்தனையும். உள்நாட்டுப் போர் தொடங்கிவிட்டதே. எதிர்த்து ஓட்டுப் போட்ட தென்மாநிலத்தவர் எழுந்து போயாகிவிட்டது.

இங்கேதான் நான் பென்சிலைக் கீழே வைத்தேன். கீழ்ச் சபையில் மொரில் கொண்டுவந்த மசோதாவைப் பொது நிலக் குழு 1862 மே 29-ல் மறுபடியும் வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. சட்டமானது வேறொரு தாள். ஒஹாயோவின் பெஞ்சமின் வேட் அதே மாதம் செனட்டில் கொண்டுவந்த மசோதா அது. கான்சஸின் ஜேம்ஸ் லேன் தன் மாநில நிலமெல்லாம் கிழக்கத்தியர் கைக்குப் போய்விடும் என்று மல்லுக்கு நின்றார். ஒரு மாநிலத்தில் இத்தனை ஏக்கருக்கு மேல் எடுக்கக் கூடாது என்று உச்சவரம்பு வைத்துச் சமாதானமானார்கள். ஜூன் 10-ல் செனட் 32க்கு 7. ஜூன் 17-ல் கீழ்ச் சபை 90க்கு 25. ஜூலை 2-ல் லிங்கன் கையெழுத்து. முந்தின நாள்தான் தெற்கின் தலைநகரான ரிச்மண்டுக்குப் பக்கத்தில் மால்வர்ன் ஹில் சண்டை முடிந்திருந்தது, நாட்டின் கவனமெல்லாம் அங்கே.

‘செனட்டர் மொரில் 1862-ல் கொண்டுவந்த சட்டம்’ என்று நூறு இடத்தில் எழுதியிருப்பார்கள். அந்த வருஷம் அவர் செனட்டரே இல்லை, நிறைவேறிய மசோதாவும் அவர் கொண்டுவந்தது இல்லை. ஆனாலும் பெயர் அவருக்குப் போனது நியாயம்தான் என்பது என் தீர்ப்பு. ஐந்து வருஷம் அதை உயிரோடு வைத்திருந்தவர் அவர். யோசனை யாருடையது என்ற சண்டை தனி. இல்லினாயின் ஜோனத்தன் பால்ட்வின் டர்னர் இதை முன்பே பேசியிருக்கிறார். வெர்மாண்டின் ஆல்டன் பார்ட்ரிஜ் 1841-லேயே காங்கிரஸுக்கு மனுப் போட்டிருக்கிறார். முதலில் சொன்னவர் யார் என்று தேடி ராத்திரியைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். யார் ஓட்டுச் சேர்த்தது என்று பாருங்கள்.

சட்டம் வந்ததோடு வரியை மூடிவிடக் கூடாது, பணம் எங்கே போயிற்று என்று போய்ப் பார்க்க வேண்டும். கணக்கு எளிது. வெர்மாண்டுக்கு இரண்டு செனட்டர், மூன்று பிரதிநிதி: ஐந்தை 30,000-ஆல் பெருக்கினால் 150,000 ஏக்கர். நியூயார்க்குக்கு 33 பேர்: 990,000 ஏக்கர். பொது நிலம் இல்லாத கிழக்கு மாநிலங்களுக்கு நிலம் தராமல் நிலச் சீட்டுக் கொடுத்தார்கள். அதை விற்றுப் பணமாக்கிக் கல்லூரி நிதியில் போட வேண்டும். அரசு விலை ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர். எல்லா மாநிலமும் ஒரே நேரத்தில் சந்தைக்கு ஓடினால் விலை என்னாகும்? ரோட் ஐலண்ட் தன் 120,000 ஏக்கர் சீட்டை பிரௌன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க, அது 50,000 டாலருக்குப் போயிற்று. ஏக்கர் 42 சென்டுக்கும் குறைவு. நியூயார்க்கில் எஸ்ரா கார்னெல் என்ற தந்திக் கம்பிச் செல்வந்தர், சீட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளாமல் விஸ்கான்சினில் பைன் மரக்காடாகப் பார்த்து எடுத்து, மரத்துக்கு விலை ஏறும்வரை காத்திருந்தார். நான் உட்கார்ந்திருந்த படிக்கட்டின் பின்கதை அது.

அந்தக் காடு முன்பு யாருடையது என்று ஒரு கட்டம் நான் பிறகு சேர்த்தேன். விஸ்கான்சின் பைன் நிலங்கள் ஓஜிப்வே பழங்குடி மக்கள் 1837, 1842 உடன்படிக்கைகளில் அரசுக்கு விட்டுக்கொடுத்தவை. நாடு முழுக்க இந்தச் சட்டத்தின் கீழ்ப் போன நிலம் ஒரு கோடி ஏக்கருக்கு மேல். வரவு எழுதியவர்கள் பற்று எழுதவில்லை. மொரிலின் பேச்சில் தேடினால் இது கிடைக்காது. உடன்படிக்கைத் தேதிகளை நோட்டில் எதிர்ப்பக்கத்தில் எழுதினால்தான் கணக்கு நேராகும்.

தேதி எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதற்கு இன்னொரு உதாரணம். மொரிலின் பெயரில் ஒரு சுங்க வரிச் சட்டமும் உண்டு. அந்த வரியால்தான் தெற்கு மாநிலங்கள் பிரிந்து போயின என்று இன்றும் சிலர் சொல்வார்கள். வாதம் செய்ய வேண்டாம், பேரேட்டைத் திறங்கள். கீழ்ச் சபையில் நிறைவேறியது 1860 மே. அதன் பிறகு செனட்டில் தூங்கிற்று. தென் கரோலினா பிரிந்தது 1860 டிசம்பர் 20. டெக்சாஸ் 1861 பிப்ரவரி 1. முதலில் பிரிந்த ஏழு மாநிலமும் போன பிறகு பிப்ரவரி 20-ல் செனட் அதை நிறைவேற்றியது. எதிர்க்க வேண்டியவர்கள் போய்விட்டதால் வழி எளிதாயிற்று. மார்ச் 2-ல் கையெழுத்துப் போட்டவர் லிங்கன் இல்லை, கல்லூரி மசோதாவை வீட்டோ செய்த அதே புக்கானன். தெற்குக்கு உயர்ந்த சுங்க வரி பிடிக்காது என்பது உண்மை. இந்தச் சட்டம் பிரிவினைக்குக் காரணம் என்பது நாள்காட்டிக்குப் பொருந்தாது.

சுங்க வரியில் அவருக்கு என்ன அக்கறை என்றால், வெர்மாண்டில் செம்மறி ஆடும் பளிங்கும். கம்பளிக்கு வெளிநாட்டுப் போட்டி வந்தால் ஓட்டுப் போட்டவன் வயிற்றில் அடி. செனட்டர் கொள்கை பேசும்போதெல்லாம் அவர் மாநிலத்தில் என்ன விளைகிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

குழுக் கட்டத்தைப் பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். அதிகாரம் இருந்த இடமே அது. 1865-ல் கீழ்ச் சபையின் வரிக் குழு பிளந்தபோது செலவுப் பக்கத்தை தாடியஸ் ஸ்டீவன்ஸ் எடுத்துக்கொள்ள, வரவுப் பக்கத்தின் தலைமை மொரிலுக்கு வந்தது. செனட்டில் நிதிக் குழுத் தலைவர் 1877-லிருந்து 79 வரை, பிறகு 1881-லிருந்து 93 வரை, பிறகு 1895-லிருந்து சாகும்வரை. நடுவில் உள்ள இடைவெளிகளைப் பார்த்ததும் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்குச் செனட்டில் பெரும்பான்மை வந்த வருஷங்கள் என்று தெரிந்துவிடும். தனியாக ஒரு வரலாற்றுப் புத்தகம் வேண்டியதில்லை, ஒரு ஆளின் குழுக் கட்டமே கட்சி நிலவரத்தைச் சொல்லிவிடும்.

அவருக்கு ஆசையான குழு வேறு, பொதுக் கட்டடங்களும் மைதானங்களும். காங்கிரஸ் கட்டடத்தைச் சுற்றியிருந்த மைதானத்தைச் சீராக்கப் பூங்கா வடிவமைப்பாளர் ஃப்ரெட்ரிக் லா ஓம்ஸ்டெட்டைக் கூப்பிட்டது, ஒவ்வொரு மாநிலமும் இரண்டிரண்டு சிலை அனுப்பும் சிலை மண்டபம், 1897-ல் திறந்த நாடாளுமன்ற நூலகக் கட்டடம் எல்லாவற்றிலும் அவர் கை இருக்கிறது. நூலகத்துக்காக அவரோடு தோள் கொடுத்தவர் இண்டியானாவின் டேனியல் வூர்ஹீஸ், எதிர்க்கட்சி. இரண்டு பேரும் பண விஷயத்தில் பெரும்பாலும் ஒத்துப்போகாதவர்கள். சிலை மண்டபச் சட்டம் கையெழுத்தான தேதி 1864 ஜூலை 2. கல்லூரிச் சட்டத்தின் அதே தேதி, இரண்டு வருஷம் தள்ளி. இதில் அர்த்தம் ஒன்றும் இல்லை. நோட்டில் வண்ணம் அடித்துவைத்தேன், அவ்வளவுதான்.

ஓட்டுக் கட்டத்தில் எல்லா ஓட்டையும் எழுதினால் ஆயுசு போதாது. தன் கட்சியை விட்டு எங்கெல்லாம் விலகினார் என்று மட்டும் குறியுங்கள். 1862 பிப்ரவரியில் போர்ச் செலவுக்காகக் காகிதப் பணத்தைச் சட்டப்படி செல்லும் நாணயமாக்கியபோது, தன் கட்சியின் அரசு கொண்டுவந்ததை மொரில் எதிர்த்தார். 1878-ல் வெள்ளி நாணயத்தையும் எதிர்த்தார். கடன் நோட்டு எழுதிப் பழகிய கடைக்காரர், வாக்குறுதியைப் பணம் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை என்று எனக்குப் படுகிறது. 1871-ல் சாண்டோ டொமிங்கோவை (இன்றைய டொமினிக்கன் குடியரசு) நாட்டோடு சேர்க்க அதிபர் கிராண்ட் துடித்தபோது வேண்டாம் என்றார். 27 வருஷம் கழித்து, 88 வயதில், ஹவாயைச் சேர்க்கும்போதும் வேண்டாம் என்றார். இரண்டு வரியும் நோட்டில் பதின்மூன்று வரி தள்ளி இருக்கின்றன. நடுவில் எத்தனையோ பேர் எப்படியெல்லாமோ மாறினார்கள்.

விலகாத இடத்தையும் பாருங்கள், அதில் மனிதனின் எல்லை தெரியும். 1872-லிருந்து கல்லூரிகளுக்கு வருடாந்தரப் பணம் கேட்டு அவர் மசோதா மேல் மசோதா போட்டார். 1890 ஆகஸ்ட் 30-ல், 80 வயதில், கிடைத்தது. முதல் வருஷம் மாநிலத்துக்கு 15,000 டாலர், வருஷம் ஆயிரம் ஏறி 25,000 வரை. நிற வேற்றுமை பார்த்து மாணவரைச் சேர்க்கும் கல்லூரிக்குப் பணம் இல்லை என்று ஒரு வாக்கியம். அடுத்த வாக்கியத்திலேயே, கறுப்பின மாணவருக்குத் தனிக் கல்லூரி வைத்து நியாயமாகப் பங்கிட்டால் போதும் என்று ஒரு கதவு. தென்மாநிலங்கள் அந்தக் கதவு வழியே போயின. அதனால் கறுப்பினக் கல்லூரிகளுக்கு மத்திய அரசுப் பணம் வந்தது, ‘நியாயமான’ பங்கு வரவில்லை. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினேன், மை வேறு வேறாக.

ஒரு தடவையாவது அவர் வீட்டைப் போய்ப் பாருங்கள். ஸ்ட்ராஃபர்டில் இருக்கிறது, கோடையில் திறந்திருக்கும், மாநிலம் பராமரிக்கிறது. 38 வயதில் கடையை விட்டுவிட்டுத் தானே வரைந்து கட்டிய கூர்முக வளைவு வீடு. மரத்தில் கட்டி, கல் மாதிரி தெரியட்டும் என்று ரோஜா நிறம் அடித்தது. தூரத்திலிருந்து பார்த்தபோது கேக் மாதிரி இருந்தது. அங்கே நின்றபோது சம்பளக் கணக்கு நினைவுக்கு வந்தது: அவர் சபைக்குப் போனபோது உறுப்பினருக்குக் கூட்டம் நடக்கும் நாளுக்கு 8 டாலர், 1866-லிருந்து வருஷத்துக்கு 5,000. 1873-ல் தாங்களே 7,500 ஆக உயர்த்திக்கொண்டு, ஊர் திட்டியதும் மறு வருஷம் பழையபடி 5,000-க்கு இறங்கினார்கள். அரசியலுக்கு வருமுன் சம்பாதித்து முடித்திருந்தவர் என்பதை அந்த வீடு காட்டுகிறது. காசுக்காக ஓட்டை விற்றார் என்ற பழி வராததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கடைசி வரி: 55-ஆவது காங்கிரஸ், மூன்றாவது கூட்டத்தொடர், 1898 டிசம்பர் 28, வாஷிங்டனில் மரணம். அந்தக் காங்கிரஸ் முடிய இன்னும் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் இருந்தது. 1899 ஜனவரியில் வெர்மாண்ட் உச்ச நீதிமன்றத்தின் ஜோனத்தன் ராஸை அந்த இடத்துக்கு நியமித்தார்கள். யார் அடுத்து வந்தார் என்பதையும் எழுதிவிட்டுத்தான் கோடு போட வேண்டும்.

நோட்டில் பக்கம் மிச்சம் இருந்தால் ஒஹாயோவின் ஜான் ஷெர்மனை எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: அவர் 1877-ல் கருவூலச் செயலராகி 1881-ல் செனட்டுக்குத் திரும்பி வந்தவர். நடுவில் இரண்டு காங்கிரஸுக்குச் சபைக் கட்டம் காலி. அந்த இடத்தை வெள்ளையாக விடாதீர்கள், மந்திரி வேலையை அங்கேயே எழுதுங்கள். அயோவாவின் வில்லியம் ஆலிசனைத் தொட்டால் 1908 வரை ஓட வேண்டியிருக்கும், நோட்டை இன்னும் கொஞ்சம் தடிமனாக வாங்கிக்கொள்ளுங்கள்.